ஐந்து டாலர் இசை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டன் மாநகரில் 1987-ஆம் ஆண்டு தோன்றி, 2002-ஆம் ஆண்டின் இறுதிவரை இசைத்து வந்த ஃபுகாசி என்னும் ராக் குழுவினரை நம் கல்லூரி மாணவருள் ஒருசிலர் அறிவர். அவ்வறிந்தோரை வினவின், “அவர்கள் ஐந்து டாலருக்குமேல் நுழைவுக் கட்டணம் வாங்க மறுத்தவர்கள், பெருங்கம்பெனிகளை நாடாதவர்கள், தம் பெயர் பொறித்த சட்டையைக்கூட விற்காதவர்கள்” என்பதே விடையாக வருகின்றது. அவர்தம் பாட்டு எத்தன்மைத்து என மீண்டும் வினவினாலோ விடை இல்லை. ஒரு புலவனுடைய ஒழுக்கத்தை ஓயாது புகழ்ந்து, அவன் இயற்றிய நூலைக் கட்டவிழாது பரண்மேல் வைத்தலை ஒக்கும் இது. அக்குழுவினரின் நோன்பு வேறு, இசை வேறு என்று பிரித்தல் கூடாது. அந்த ஐந்து டாலர் அவ்விசையின் ஓர் உறுப்பே ஆகும் என்பது எளியேன் கருத்து. அதனை இயன்ற அளவில் நிறுவுதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ‘இண்டி ராக்’ என்னும் தொடரில் ‘இண்டி’ என்பது ‘தன்னுரிமையுடையது’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். தொடக்கத்தில் அச்சொல் பாட்டின் ஓசையைக் குறித்ததன்று. அப்பாட்டைத் தட்டில் ஏற்றி வெளியிட்டவர் யார் என்பதையே குறித்தது. விற்பனை முழுவதையும் தம் கையகத்தே வைத்திருந்த சில பெருங்கம்பெனிகளைச் சாராது, சிறு நிலையத்தாரோ பாடுவோர் தாமோ வெளியிட்ட இசை இண்டி எனப்பட்டது. நாளடைவில் அஃது ஒருவகைக் கிதார் ஓசையின் பெயராகத் திரிந்து, பெருங்கம்பெனியார் வெளியிட்ட தட்டுகளின்மேலும் ஒட்டப்பெற்றது. சொற்கள் பொருள் திரிதல் மொழிநூல் பயில்வார்க்குப் புதுமையன்று. எனினும் ஈண்டு அதனைப் பழைய பொருளிலேயே ஆளுகின்றேன். அப்பொருளில் ஃபுகாசியாரினும் பொருந்திய சான்று கிடைத்தல் அரிது.

இவர்தம் வரலாறு, குழு தோன்றுதற்கு ஏழாண்டுகட்கு முன்னரே தொடங்குகின்றது. 1980-ஆம் ஆண்டு வாஷிங்டனில் ‘டீன் ஐடில்ஸ்’ என்னும் பங்க் குழுவொன்றை இளைஞர் சிலர் நடத்தினர். ஓராண்டளவில் அது கலைந்தது. கச்சேரிகளில் வந்த சில நூறு டாலரை அவர்கள் செலவிடாது ஒருங்கே சேர்த்து வைத்திருந்தனர். அதனைத் தமக்குள் பங்கிடுவதா, தம் பாட்டுகளை ஒரு தட்டாக வெளியிடுவதா என்னும் கேள்வி எழுந்தபோது தட்டே வென்றது. அங்ஙனம் பிறந்ததே டிஸ்கார்ட் என்னும் இசைத்தட்டு நிலையம். கடைத்தட்டு ஒன்றின் உறையைப் பிரித்து அதன் வடிவை அறிந்துகொண்டு, அட்டைகளைத் தாமே வெட்டி மடித்துப் பசையிட்டு ஒட்டினர். அக்குழுவில் இருந்த இயன் மெக்கே என்பவரும் ஜெஃப் நெல்சன் என்பவரும் அந்நிலையத்தை விடாது நடத்தினர். எந்தக் குழுவினரோடும் எழுத்தாலாய ஒப்பந்தம் செய்துகொள்ளாமை அந்நிலையத்தின் வழக்கம். தட்டின் விலையை உறையின்மேலேயே அச்சிட்டனர். கடைக்காரர் விலையை ஏற்றின் வாங்குவோன் அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

மற்றொன்றையும் இங்கே அறிதல் நலம். அமெரிக்க நாட்டில் ராக் கச்சேரிகள் பெரும்பாலும் மதுவிற்கும் விடுதிகளிலேயே நிகழ்வன. விடுதியாருக்கு ஊதியம் தருவது பாட்டன்று, மது. ஆகவே குடிக்கும் வயது எய்தாத சிறுவர் சிறுமியர்க்கு வாயில் அடைபடும். இவ்விசையைப் பெரிதும் விரும்பினோரோ அவர்களே. டீன் ஐடில்ஸ் இளைஞர் இதற்கொரு வழி கண்டனர். வயது நிரம்பாதோர் தம் புறங்கையில் கரியதொரு பெருக்கற்குறி இட்டுக்கொள்வர்; அக்குறி உடையார்க்கு மது தரலாகாது, பாட்டு மட்டும் தரலாம். மெக்கே அடுத்து நடத்திய ‘மைனர் திரெட்’ என்னும் குழு 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ என்னும் பாட்டு, ஒரு நிமிடமும் நிரம்பாதது. மதுவும் மயக்கப் பொருளும் வேண்டாத இளைஞரின் இயக்கத்திற்கு அதுவே பெயராயிற்று. இயக்கம் தொடங்கும் எண்ணம் மெக்கேக்கு இருந்ததில்லை. ஆயினும் அவர் துறவி என்னும் பெயர் அன்றே நிலைத்துவிட்டது. பின்னாளில் ஃபுகாசியின் பாட்டைக் கேளாது அதன் நோன்பை மட்டும் பேசும் வழக்கத்திற்கு வித்தும் இதுவே.

1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் வாஷிங்டனில் உள்ள வில்சன் சென்டர் என்னும் கூடத்தில் ஃபுகாசியின் முதற் கச்சேரி நிகழ்ந்தது. மெக்கே கிதார் இசைத்துப் பாடினார். ஜோ லாலி பேஸ் கிதாரும், பிரெண்டன் கேன்டி டிரம்மும் இசைத்தனர். கேன்டியோடு முன்னர் ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ என்னும் குழுவில் இருந்த கீ பிச்சோட்டோ சிறிது பிந்தி வந்து சேர்ந்தார். முதலில் அவர் பாட மட்டுமே செய்தார். 1990-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரிப்பீட்டர்’ தொடங்கியே தட்டுகளில் அவரது கிதாரும் ஒலிக்கின்றது. இந்நால்வரும் இறுதிவரை மாறவில்லை. பதினைந்தாண்டு ஒரு ராக் குழுவில் ஆள் மாறாமை அரிய செய்தியே.

இனி அந்த ஐந்து டாலர். அது தியாகமன்று, கணக்கு. ஆயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் டாலர். மேலாளர் ஒருவரை வைத்தால் நூற்றுக்குப் பதினைந்தோ இருபதோ அவர்க்குச் செல்லும். இவர்க்கு மேலாளர் இல்லை. கச்சேரிகளை மெக்கே தாமே தொலைபேசி வாயிலாக ஏற்பாடு செய்தார். ஒரு வண்டியில் தாமே கருவிகளை ஏற்றிச் சென்றனர். பளபளக்கும் விளக்கு வேலைப்பாடு இல்லை. கூடம் நிறைந்தால் ஐந்து டாலரே போதும் என்று கண்டனர். எல்லா வயதினரும் உள்ளே வரலாம் என்பது மாறாத விதி. ஆதலின் விடுதிகளை விட்டுப் பள்ளிக்கூடங்கள், சமூக மன்றங்கள், திருச்சபைக் கூடங்கள் முதலியவற்றை நாடினர். வாஷிங்டனில் உள்ள புனித ஸ்தேவான் பெயரிய எபிஸ்கப்பல் தேவாலயத்தில் இவர்கள் பன்முறை இசைத்துள்ளனர். மெக்கே சிறுவயதில் குடும்பத்தாரோடு சென்ற சபையும் அதுவே. சொந்த நகரில் நடந்தவற்றுட் பெரும்பாலன இலவசமாகவோ, ஏழையர்க்கும் நோயாளர்க்கும் பொருள் திரட்டும் பொருட்டோ நடந்தவை. வளைகுடாப் போர் தொடங்குதற்குச் சின்னாட்கள் முன்னர், 1991-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள லாபயெட் பூங்காவில், குளிரில், போரை எதிர்த்து இசைத்தனர்.

இவற்றால் இசைக்கு விளைந்தது யாது? அதுவே வினா. கூடத்தில் இருந்தார் இருவரே என்க: இசைப்போர் ஒருவர், கேட்போர் ஒருவர். மது விற்போனோ, விளம்பரம் செய்வோனோ, கடன் கொடுத்த கம்பெனியோ ஆகிய மூன்றாமவன் அங்கில்லை. ஐந்து டாலர் கொடுத்தவன் ஐம்பது டாலர் கொடுத்தவன்போல, “எனக்குத் தெரிந்த பாட்டைப் பாடு” என்று உரிமை கோரான். ஆகவே இவர்கள் பாட்டுவரிசை எழுதாமலே மேடையேறினர். ஒருவர் கிதாரில் ஒரு சிறு குறிப்புக் காட்டுவார். மற்றையோர் அடுத்த பாட்டு இன்னதென அறிந்து புகுவர். ஒரு பாட்டின் வாலிலிருந்து மற்றொரு பாட்டு முளைக்கும். சில இரவுகளில் அது தவறும். தவறுதற்கு இடமுள்ள இடத்திலேயே இத்தகைய இசை பிறக்கும். விலையேறிய அரங்கு தவறுதற்கு இடந்தராது.

கூட்டத்தை அவர்கள் நடத்திய முறையும் இதனோடு சேர்ந்தது. பங்க் கச்சேரிகளில் வலிய இளைஞர் ஒருவரையொருவர் மோதித் தள்ளி ஆடுவர். மெலியோரும் பெண்களும் ஓரத்திற்கு ஒதுங்குவர். ஃபுகாசியார் பாட்டை இடையில் நிறுத்தி, மோதுபவனை மேடையிலிருந்தே மரியாதையாக அழைத்து வேண்டாமென்பர். கேளானாயின் ஐந்து டாலர் இட்ட உறையொன்றை அவன் கையிற் கொடுத்து வெளியே அனுப்புவர். இதனைக் கண்டு, “வாத்தியார்த்தனம்” என்று நகையாடினோர் உளர். எனக்கும் சில ஒலிப்பதிவுகளில் அவ்வறிவுரை சற்று நீண்டுவிட்டதாகவே தோன்றுகின்றது. எனினும் ஒருவன் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தல் அத்துணை எளிதாயிருந்தது, அக்கட்டணம் ஐந்து டாலராயிருந்தமையாலன்றோ?

இப்பொழுது தட்டுகளுக்கு வருவோம். இவற்றுட் பெரும்பாலன வாஷிங்டனுக்கு அக்கரையிலுள்ள ஆர்லிங்டனில், டான் சியென்டாரா என்பவர் தம் வீட்டு நிலவறையில் தொடங்கி நடத்திய ‘இன்னர் இயர்’ என்னும் ஒலிப்பதிவகத்தில் உருவாயின. உட்செவி என்று அதனைப் பெயர்க்கலாம், நல்ல பெயர். பின்னர் வேறு கட்டடத்திற்குச் சென்ற அது 2021-ஆம் ஆண்டு மூடப்பெற்றது. 1988, 1989-ஆம் ஆண்டுகளில் வந்த இரு சிறு தட்டுகளை ஒன்றாக்கி ‘பதின்மூன்று பாட்டுகள்’ எனப் பொருள்படும் பெயரோடு வெளியிட்டனர். அதன் முதற் பாட்டாகிய ‘வெயிட்டிங் ரூம்’ என்பதனையேனும் நம்மவர் கேட்டல் வேண்டும். லாலியின் பேஸ் கிதார் தனித்துத் தொடங்க, மற்றைக் கருவிகள் சேர்ந்து விரைவு கொள்ளும். கேட்போன் ஆடத் தொடங்கும் வேளையில் எல்லாம் ஒருசேர நின்றுவிடும். சில நொடிகள் வெறும் அமைதி. பின்னர் விட்ட இடத்தினின்றும் எழும். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியிறுதியில் தனிச்சொல் வந்து ஓசையைப் பற்றி நிறுத்தி விடுவதை எனக்கு நினைப்பூட்டுவது அவ்வமைதி. மௌனத்தையும் ஒரு கருவியாகக் கொண்டு தொடங்கிய குழுவை வெறும் இரைச்சல் என்போர் அதனை முதல் இருபது நொடியும் கேட்டிலர்.

‘ரிப்பீட்டர்’ அவர்தம் வலிமை முதிர்ந்த நூல். 1991-ஆம் ஆண்டு வந்த ‘ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்’ பிறர் மேற்பார்வையின்றித் தாமே பதிவுசெய்தது. பாட்டுகள் நல்லன, பதிவு உலர்ந்துபோயிற்று என்பேன். இதற்கடுத்து நிகழ்ந்தது சுவையானது. 1992-ஆம் ஆண்டு சிகாகோ சென்று ஸ்டீவ் ஆல்பினி என்னும் புகழ்பெற்ற ஒலிப்பதிவாளரிடம் ஒரு தட்டுக்குரிய பாட்டுகளைப் பதிந்து வந்தனர். ஊர் திரும்பிக் கேட்டபோது உவப்பில்லை. முழுவதையும் ஒதுக்கிவிட்டு, இன்னர் இயரில் டெட் நைஸ்லி என்பவரைக் கொண்டு மீண்டும் பதிந்தனர். 1993-ஆம் ஆண்டு ‘இன் ஆன் தி கில் டேக்கர்’ என்னும் பெயரால் வந்தது அது. கம்பெனியின் முன்பணத்தில் வாழும் குழு இங்ஙனம் செய்தல் அரிது. கணக்கு எழுதுவோன் ஒருவன் இடையே நிற்பான். மலிவாக வாழ்ந்தமையால் ஒரு முழுத் தட்டைத் தள்ளும் செல்வம் இவர்க்கு வாய்த்தது. 1995-ஆம் ஆண்டின் ‘ரெட் மெடிசின்’ விளையாட்டும் விசித்திரமும் மிக்கது; என் மனத்துக்கு உகந்தது அதுவே. 1998-இல் ‘எண்ட் ஹிட்ஸ்’. 1999-இல் ஜெம் கோஹன் என்பவர் பல்லாண்டு படம்பிடித்துத் தொகுத்த ‘இன்ஸ்ட்ரூமென்ட்’ என்னும் திரைப்படமும் அதன் இசைத்தட்டும். 2001-இல் ‘தி ஆர்க்யுமென்ட்’. இவ்விறுதித் தட்டில் இரண்டாம் டிரம்மும் செல்லோவும் புகுந்து, முதிர்ந்தோர் பேசுவதுபோன்ற அடக்கம் தருகின்றன.

பெருங்கம்பெனிகள் வாளாவிருந்தன அல்ல. 1991-ஆம் ஆண்டு நிர்வாணா என்னும் குழுவின் ‘நெவர்மைண்ட்’ பெருவிற்பனை கண்டதும், சிறு நிலையங்களின் குழுக்களையெல்லாம் அவர்கள் தேடித் திரிந்தனர். அட்லாண்டிக் கம்பெனியை நிறுவியவருள் ஒருவராகிய அகமது எர்டெகுன் 1993-ஆம் ஆண்டு நியூயார்க்குக் கச்சேரிக்கு நேரில் வந்து அழைத்தார். ஃபுகாசியார் நன்றி கூறி மறுத்தனர். சென்றோரை இகழ்தல் என் கருத்தன்று. டிஸ்கார்டில் இருந்த ‘ஜாபாக்ஸ்’ என்னும் குழு அட்லாண்டிக்கிற் சேர்ந்து, அதே நைஸ்லியைக் கொண்டு 1994-ஆம் ஆண்டு வெளியிட்ட தட்டே அக்குழுவின் தலைசிறந்த தட்டு என்பதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் அத்தட்டை 2009-ஆம் ஆண்டு மீண்டும் பதிப்பித்தது அட்லாண்டிக் அன்று. டிஸ்கார்டும், ஜாபாக்ஸ் குழுவினரே நடத்திய டெசோட்டோ என்னும் சிறு நிலையமும் சேர்ந்தே வெளியிட்டன.

யான் பெரிதும் வியப்பது தட்டுகளினும் வேறொன்று. 1987 முதல் 2002 வரை இக்குழு அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் பிறநாடுகள் பலவற்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. அவற்றுள் எண்ணூற்றுக்கு மேற்பட்டனவற்றை இவர்தம் ஒலிப்பொறியாளர் நாடாக்களிற் பதிந்து வைத்திருந்தனர். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் அவற்றை இணையத்தின் வாயிலாக ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கினர். ஒரு கச்சேரியின் விலை ஐந்து டாலர் என்றனர். விரும்புவோர் ஒரு டாலரும் தரலாம், நூறு டாலரும் தரலாம் என்றும் விட்டனர். நரம்பு அறுந்த இரவும், ஒலிபெருக்கி ஓய்ந்த இரவும், கூட்டத்தோடு வாதிட்ட இரவும் வெட்டப்படாமல் உள்ளன.

தமிழ் பயில்வார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். உ. வே. சாமிநாதையரவர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிரதிபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டினார்கள். அவற்றுட் சில ஏடு எழுதுவோரின் பிழை. ஃபுகாசியாரின் ஒரு பாட்டுக்கோ நூற்றுக்கணக்கான பாடங்கள் உள. அத்தனையும் ஆசிரியர் தம் கைப்பட எழுதிய மூல ஏடுகளே. ஒரு பாட்டின் நடு எவ்வாறு ஆண்டுதோறும் நீண்டது, எந்த அடி எப்போது வீழ்ந்தது என்பதனை வரிசையாகக் காணலாம். தட்டில் உள்ளதே முடிந்த பாடம் என்னும் எண்ணம் அங்கே தகர்கின்றது. மேலே யான் கூறிய இருவர் மட்டும் இருந்த கூடம் எத்தகையது என்று ஐயுறுவோர் இவற்றைக் கேட்க: இசை நின்று பேச்சு எழுதலும், ஒருவன் கூவ மற்றொருவன் விடையிறுத்தலும், மீண்டும் டிரம் தொடங்குதலும் அப்படியே செவியிற் படும்.

இன்று நாம் கைப்பேசியில் எப்பாட்டையும் விலையின்றிக் கேட்கின்றோம். ஐந்து டாலரினும் இது மலிவு ஆகலின் இதுவே மேலன்றோ எனின், அன்று என்பேன். விலையின்மை வேறு, குறைந்த விலை வேறு. நாம் கொடாத விலையை வேறொருவன் கொடுக்கின்றான். பாட்டினிடையே வரும் விளம்பரம் அவன் குரல். இசைப்போனுக்கும் நமக்கும் நடுவே மூன்றாமவன் மீண்டும் வந்து அமர்ந்துவிட்டான். அடுத்து எந்தப் பாட்டு நம் செவிக்கு வருதல் வேண்டும் என்பதையும் அவனே தேர்கின்றான். வறியேனாகிய மாணவன் ஐந்து டாலரையும் பெரிதென நினைப்பவனே. ஆயினும் கொடுத்துக் கேட்போனுக்கும் கொடாது கேட்போனுக்கும் கேட்கும் முறையில் வேறுபாடு உண்டு.

இவர்தம் வழி எல்லார்க்கும் இயலும் என்று கூறத் துணியேன். மைனர் திரெட்டின் புகழால் கூடங்கள் முதலிலேயே நிறைந்தன. தட்டு நிலையமும் அவர்களுடையதே. இவையில்லாத இளங்குழு ஐந்து டாலரில் வண்டிக்கு எண்ணெயும் வாங்க இயலாது. விலையைக் குறைத்தலன்று இங்கே பின்பற்றத்தக்கது. விலையை யார் குறிப்பது என்பதனைப் பிறர்க்கு விட்டுக்கொடாமையே. ‘ரிப்பீட்டரில்’ உள்ள ‘மெர்ச்சண்டைஸ்’ என்னும் பாட்டு விற்பனைச் சரக்கைப் பற்றியது. அதனைச் சட்டை விற்கும் மேசையை அருகில் வைத்துக்கொண்டு பாடியிருப்பின் கேட்டோர் நகைத்திருப்பர்.

2002-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் லண்டன் மாநகரில் இவர்தம் இறுதிக் கச்சேரி நிகழ்ந்தது. கலைந்தோம் என்று அறிவிக்கவில்லை. காலவரையற்ற ஓய்வு என்றனர். லாலியும் கேன்டியும் ‘மெஸ்தெட்டிக்ஸ்’ என்னும் குழுவிலும், மெக்கேயும் லாலியும் ‘கோரிக்கி’ என்னும் குழுவிலும் பின்னர் இசைத்தனர்.

புதிதாகக் கேட்கப் புகுவோர் ‘பதின்மூன்று பாட்டுகளில்’ தொடங்கி, ‘ரெட் மெடிசினு’க்குச் சென்று, அதன்பின் தமக்கு விருப்பமான ஊரின் கச்சேரி ஒன்றைத் தேர்க. ‘ஃபர்னிச்சர்’ என்றொரு பாட்டு உளது. 1988-ஆம் ஆண்டு ஜனவரியில் செய்த முதல் மாதிரிப் பதிவில், 2014-ஆம் ஆண்டே வெளிவந்த அதனில், அஃது இருக்கின்றது. 2001-ஆம் ஆண்டு வந்த சிறு தட்டிலும் அதே பாட்டை மீண்டும் பதிந்துள்ளனர். பதின்மூன்று ஆண்டு இடையிட்ட அவ்விரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்க.